காற்றில்லாமல் நகர்ந்த சுரைக்குடுக்கை

காற்று கொஞ்சமும் இல்லாத ஒரு காலை நேரம். பங்களா விறாந்தையில் துரையின் காலைச் சாப்பாட்டுக்கு மேசை போட்டுக்கொண்டிருந்தேன். கீழே ஏரியின் நடுவில் ஒரு சுரைக்குடுக்கை கிழக்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. கொஞ்ச தூரம் போய் நின்றது. பிறகு பொசுக்கென்று முழுகியது. பத்து முழம் தள்ளி மறுபடி மேலே வந்து, இப்போது மேற்கே போகத் தொடங்கியது. பார்த்த மாத்திரத்தில் அது என்னவென்று எனக்குத் தெரிந்துவிட்டது. குடுக்கையின் கழுத்தில் சிவப்பாக ஒரு துணி சுற்றியிருந்தது. அது என் தங்கச்சியின் சேலைக் கரையில் கிழித்தது. அந்தச் சேலையைப் பதுளையில் வாங்கிக் கொடுத்தவனே நான்தான்.

முதல் உலக யுத்தம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முந்திய காலம் அது. அப்புத்தளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பங்களா அப்புவாக இருந்தேன். சமையல், பரிமாறல், துணிமணி எல்லாம் என் பொறுப்பு. துரை தும்முவதற்கு முன்னால் கைக்குட்டையை நீட்டுகிறவன் என்று லயத்து வரிசை வீடுகளில் இருந்த தோட்ட ஆட்கள் என்னைக் கேலி செய்வார்கள். எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது. பங்களாவுக்குக் கீழே மலைப் பள்ளத்தை மறித்துக் கட்டிய ஏரியில், முன்பிருந்த துரை ஒருவர் நுவரெலியாவிலிருந்து கெண்டைக் குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டிருந்தார். பீப்பாயில் தண்ணீரோடு அவற்றைச் சுமந்து வந்தவர்கள் எங்கள் ஆட்கள். சீமைக்கெண்டை என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள். பார்ப்பதற்குத்தான் உரிமை இருந்தது. ஏரி மீனில் கை வைக்கிறவன் குடும்பத்தோடு அன்றைக்கே தோட்டத்தை விட்டு இறங்க வேண்டும் என்று, காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடும் பெரட்டில் துரை சொல்லியிருந்தார். அப்படி இறக்கப்பட்டவனைப் பக்கத்துத் தோட்டங்களும் சேர்த்துக்கொள்ளாது.

என் தங்கச்சி புருஷன் மதுரைக்கு மேற்கே மலையடிவாரத்து ஊர்க்காரர். நான் மாப்பிள்ளை என்று கூப்பிடுவேன், அவர் என்னை மச்சான் என்பார். தேயிலைச் செடியைக் கழித்து வெட்டும் கவ்வாத்துக் கத்தி பிடிப்பதில் கெட்டிக்காரர். வாயாடுவதில் அதைவிடக் கெட்டிக்காரர். அவர்கள் ஊரில் கோடையில் கண்மாய் வற்றி முழங்கால் தண்ணீர் ஆகும்போது ஆண்கள் வில்லெடுத்துக்கொண்டு இறங்கி மீன் அடிப்பார்களாம். "கண்ணுக்குத் தெரியுற எடத்துல மீனு இருக்காது மச்சான். ஒரு சாண் கீழ அடிக்கணும். எங்க ஊர்ல பொறந்த பிள்ளைக்கே அது தெரியும்" என்பார். அடித்த மீனையும் அம்பையும் தண்ணீருக்குள் தேட மாட்டார்கள். அம்பின் வாலில் கயிறு கட்டி, கயிற்றின் நுனியில், தூரத்திலிருந்து தெரியும்படி சிவப்புத் துணி சுற்றிய ஒரு சுரைக்குடுக்கையைக் கட்டிவிடுவார்கள். மீன் குடுக்கையை இழுத்துக்கொண்டு ஓடி ஓடிக் களைத்துப்போகும். அப்புறம் நடந்துபோய் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். முழங்கால் தண்ணீருக்கு அது நல்ல ஏற்பாடு. எங்கள் ஏரியின் ஆழம் யாருக்கும் தெரியாது.

விளையாட்டுக்காக அவர் வில் செய்யவில்லை. தங்கச்சிக்கு முதல் இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. இரண்டுக்கும் ஒரே காரணம், அவளுக்குப் பால் ஊறவில்லை. மூன்றாவது பெண் பிள்ளை பிறந்து நான்கு நாள் ஆகியும் மார்பில் ஈரம் இல்லை. பிள்ளை அழுகிற சத்தம் நாளுக்கு நாள் சிறுத்துக்கொண்டு வந்தது. பச்சை மீன் குழம்பு கொடுத்தால் பால் ஊறும் என்று மருத்துவச்சி சொன்னாள். மலையில் பச்சை மீனுக்கு எங்கே போவது? கடைக் கருவாடு கல்லாக இருக்கும். பங்களாவுக்கு மீன் வரும் நாளில் தலையையும் வாலையும் ஒளித்து அனுப்பினேன், அது எந்த மூலைக்குக் காணும்? மாப்பிள்ளை மூங்கிலை வளைத்தார். கித்துல் மரத்து நாரை நாணாகத் திரித்தார். உடைந்த குடைக்கம்பியைத் தீட்டி அம்பு முனை வைத்தார். மழைக்குப் பிறகு சீமைக்கெண்டைகள் முட்டைபோடக் கரையோரப் புல்லுக்கு வரும். ஒரு காலைப் பனிமூட்டத்தில் முதல் மீனை அடித்தார், இரண்டு நாள் கழித்து இரண்டாவதை. ஒன்பதாம் நாள் தங்கச்சிக்குப் பால் ஊறியது. நான் லயத்துக்குள் நுழைந்ததும் மாப்பிள்ளை என் கையைப் பிடித்து, "இந்தப் பிள்ள தங்கிரும் மச்சான்" என்றார்.

மூன்றாவது மீன்தான் எமனாக வந்தது. பெரிய மீன். அம்பு முதுகில் ஏறியும் சாகவில்லை. குடுக்கையை இழுத்துக்கொண்டு ஆழத்துக்குப் போய்விட்டது. அந்த மீன்தான் நான் மேசை போட்ட காலையில் துரையின் கண் முன்னால் உலாவிக்கொண்டிருந்தது.

"அது என்னா அப்பு?" என்று துரை கேட்டார்.

"காத்துக்கு அலையுதுங்க, தொரை. ஏதோ பழைய குடுக்கைங்க."

அவர் வெளியே கையை நீட்டிப் பார்த்தார். காற்று இல்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார். மறுநாளும் குடுக்கை வந்தது. அன்றைக்குத் தூரக் கண்ணாடியை வைத்து வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை பண்டாரவளையிலிருந்து சிநேகிதர்கள் வருகிறார்கள், ஒரு சின்ன வள்ளமும் கொண்டுவருகிறார்கள், அப்போது அதைப் பிடித்துப் பார்க்கலாம் என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார். அந்தச் சிவப்புக் கரை யாருடைய சேலையில் இருந்தது என்று லயத்தில் அத்தனை பேருக்கும் தெரியும். பெரட்டில் அதைத் தூக்கிக் காட்டினால் போதும். பிள்ளை பெற்றுப் பதினைந்து நாள்கூட ஆகாதவள், இப்போதுதான் பால் குடிக்கத் தொடங்கிய பிள்ளையோடு மழையில் மலையிறங்க வேண்டியிருக்கும். எந்தத் தோட்டத்தில் போய் நிற்பாள்?

அதனால் நான் ஒரு திட்டம் போட்டேன். இதை நான்தான் போட்டேன் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். இரவிலும் மூட்டத்திலும் குடுக்கை எங்கே நிற்கிறதென்று தெரியாது. சனிக்கிழமை மதியம் சாப்பிட்டதும் துரை இரண்டு மணி நேரம் தூங்குவார். அந்த நேரத்தில் மாப்பிள்ளை எதிர்க்கரைக் கோரைக்குள்ளிருந்து இறங்கி, நீந்திப்போய்க் குடுக்கையைப் பிடித்துக்கொண்டு திரும்பிவிட வேண்டும். துரை தூங்குகிறவரை, நான் சமைக்கிற குசினிக்குப் பக்கத்துக் கம்பியில் ஒரு வெள்ளை மேசைத் துணியைக் காயப் போட்டிருப்பேன். எழுந்துவிட்டால் எடுத்துவிடுவேன். துணி இல்லாதவரை கோரைக்குள் அசையாமல் இருக்க வேண்டும், ஏனென்றால் எதிர்க்கரைச் சரிவு முழுவதும் போன மாதம்தான் கவ்வாத்து வெட்டியது. இலை ஒன்று இல்லாமல் குச்சிகளாக நின்றது. ஒரு கோழி நடந்தாலும் பங்களாவிலிருந்து தெரியும். வெட்டிய ஆட்களில் மாப்பிள்ளையும் ஒருவர். "அந்தத் துணியத்தான் நான் பாத்துக்கிட்டே இருப்பேன். மத்தத நீங்க பாத்துக்கங்க மச்சான்" என்றார். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

சனிக்கிழமை துரை படுத்தார். துணியைப் போட்டேன். கோரைக்குள்ளிருந்து ஒரு கறுப்புத் தலை வெளியே வந்தது. குடுக்கை அன்றைக்கு வெகு தூரம் போகவில்லை, மீனும் களைத்திருக்க வேண்டும். மாப்பிள்ளை அதைப் பிடித்துத் திரும்பிக் கோரைக்குள் நுழைந்ததை என் கண்ணால் பார்த்தேன். இன்னும் பத்து நிமிஷம் இருந்திருந்தால் சரிவேறிப் போயிருப்பார். அப்போது தபால்காரன் வந்தான். சீமையிலிருந்து ஒரு கடிதம், கறுப்புக் கரை போட்ட உறை. துரையை எழுப்பினான். நான் ஓடிப்போய்த் துணியை எடுத்தேன்.

துரை கடிதத்தோடு விறாந்தைக்கு வந்து ஏரியைப் பார்த்த நாற்காலியில் உட்கார்ந்தார். படித்தார். மடியில் வைத்தார். மறுபடி எடுத்துப் படித்தார். அவருக்கு யாரோ செத்துப்போயிருந்தார்கள். யாரென்று அவர் சொன்னதும் இல்லை, நான் கேட்டதும் இல்லை. அவருடைய முகம் ஏரிப் பக்கம் இருந்ததே தவிர, அவர் ஏரியைப் பார்க்கவில்லை. கண் நிறைந்திருந்த மனுஷனுக்கு எதிர்க்கரையில் யானை நடந்தாலும் தெரிந்திருக்காது. இதை நான் பிற்பாடு யோசித்துக் கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அப்போதே எனக்குத் தெரியும். பக்கத்தில் நின்றவன் நான். தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன், ஆறிப்போனதும் எடுத்துப்போய் வேறு கொண்டுவந்தேன். ஏரித் தண்ணீர் எப்படிக் குளிரும் என்று எனக்குத் தெரியும். கோப்பையைத் தட்டில் வைக்கும்போது சத்தம் வராமல் வைத்தேன்.

ஒரு மணி நேரம் கழித்து மூட்டம் வந்தது. பள்ளத்திலிருந்து ஏறி முதலில் அணையை மூடியது, பிறகு கோரையை, பிறகு ஏரி முழுவதையும். விறாந்தைக்கு முன்னாலிருந்த ரோஜாச் செடிகூடத் தெரியவில்லை. அந்த நேரத்தில் மாப்பிள்ளை பாட்டுப் பாடிக்கொண்டே சரிவேறியிருக்கலாம். ஆனால் அவருக்கு நான் சொல்லியிருந்தது துணி ஒன்றைத்தான். மூட்டத்துக்கு என்ன செய்வது என்று என் திட்டத்தில் இல்லை. நான் என்ன செய்திருக்க வேண்டும்? குசினி வழியாக இறங்கி ஓடியிருக்க வேண்டும். சரி, ஓடவில்லை. மூட்டம் கொஞ்சம் விலகி விலகி மூடியபோதெல்லாம் அந்தத் துணியையாவது கம்பியில் போட்டிருக்கலாம். அதையும் செய்யவில்லை. காரணத்தைக் கேட்டால் காறித் துப்புவீர்கள். மூட்டத்தில் யாரும் துணி காயப் போட மாட்டார்கள். துரை திரும்பிப் பார்த்து, "இந்த நேரத்தில ஏன் துணி போடுற?" என்று கேட்டுவிட்டால் என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அந்த ஒரு கேள்விக்குப் பயந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அப்படி மூன்று மணி நேரம் போனது.

பொழுது சாயும் வேளையில் துரை உள்ளே போனார். ஓடினேன். கோரைக்குள் கழுத்தளவு தண்ணீரில் மாப்பிள்ளை சேற்றில் காலை ஊன்றி நின்றுகொண்டிருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. குடுக்கை மேலே கிளம்பிச் சிவப்புத் தெரிந்துவிடக் கூடாது என்று இரண்டு கையாலும் அதை நெஞ்சோடு தண்ணீருக்குள் அமுக்கிக்கொண்டிருந்தார். கையைப் பிரிக்க முடியவில்லை. கயிறு மணிக்கட்டில் சுற்றியிருந்தது, அதன் மறுநுனியில் மீன் செத்துக் கிடந்தது. பொண்டாட்டிக்கு ஆகுமென்று அதையும் விடவில்லை. தூக்கிக்கொண்டு போய்த் தோட்டத்து ஆஸ்பத்திரியாக இருந்த மருந்துக் காம்பராவில் போட்டேன். விறகுக்குப் போனவர் வழுக்கி ஏரியில் விழுந்துவிட்டார் என்று சொன்னேன், நம்பினார்கள். குடுக்கையை நசுக்கிப் புதைத்தேன். மீனை யாரும் குழம்பு வைக்கவில்லை.

இரவே சன்னி கண்டது. தங்கச்சி தீட்டுக் கழியாமல் லயத்தை விட்டு வர முடியாது. அதனால் அவர் பக்கத்தில் நான் மட்டும்தான் இருந்தேன். இரண்டு நாள் உளறினார். மூன்றாம் நாள் விடிந்தபோது தெளிவாகக் கண் திறந்து என்னைப் பார்த்தார். கோபமே இல்லை. ஏதோ புரியாததைக் கேட்கிற மாதிரி கேட்டார்.

"நான் பாத்துக்கிட்டே இருந்தேன் மச்சான். நீங்க துணியப் போடவே இல்லையே."

அதுதான் அவர் கடைசியாகச் சொன்னது. மதியத்துக்குள் போய்விட்டார்.

லயத்து வாசலில் நான் போய் நின்றதும் தங்கச்சிக்கு விளங்கிவிட்டது. அழுது ஓய்ந்த பிறகு, "கடைசியா ஏதாச்சும் சொன்னாராண்ணே?" என்று கேட்டாள். அவர் சொன்னதைச் சொல்ல என்னால் எப்படி முடியும்? "பிள்ளைய நல்லாப் பாத்துக்கச் சொன்னாரு" என்றேன். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். அன்றைக்கே அவளுக்குப் பால் வற்றத் தொடங்கியது. முப்பதாம் நாளுக்கு முன்னாலேயே பிள்ளையும் போய்விட்டது. குழியில் மண் போட்ட அன்றைக்குத்தான் அவள் முதன்முதலாக அந்த வார்த்தையைச் சொன்னாள். "கடைசியா அவரு கேட்டது அது ஒன்னுதான். அதையும் நான் காப்பாத்திக் குடுக்கலையே."

அவள் மறுபடி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நான் பங்களா வேலையை விட்டுப் பதுளையில் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை வைத்தபோது என்னோடு வந்துவிட்டாள். நாற்பது வருஷத்துக்கு மேல் ஒரே வீட்டில் இருந்தோம். அண்ணன் இல்லாவிட்டால் நான் எங்கே போயிருப்பேன் என்று அக்கம்பக்கத்தில் எல்லோரிடமும் சொல்லுவாள். வருஷத்தில் ஏழெட்டுத் தடவையாவது, அரிசி களையும்போதோ கூட்டும்போதோ, தனக்குத்தானே அந்தப் பழைய வார்த்தையைச் சொல்லிக்கொள்வாள். அவர் அப்படிக் கேட்கவே இல்லை என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் அவள் சுமை இறங்கியிருக்கும். ஆனால் அடுத்து, வேறு என்ன சொன்னார் என்று கேட்பாள். அந்த ஒரு கேள்விக்காக நாற்பது வருஷம் அவளைச் சுமக்க விட்டேன்.

போன ஐப்பசியில் அவள் படுக்கையில் விழுந்தாள். ஒரு நாள் மத்தியானம் என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.

"அங்க போனதும் அவரு கேப்பாரேண்ணே, பிள்ள எங்கன்னு. நான் என்ன சொல்லுவேன்?"

"அப்படியெல்லாம் கேக்க மாட்டாரு, தங்கச்சி."

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டு என் முகத்தையே பார்த்தாள்.

சுடுதண்ணீர் கொண்டுவருகிறேன் என்று எழுந்து குசினிக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது அவள் அதை மறுபடி கேட்கவில்லை. அதற்குப் பிறகு மூன்று நாள் இருந்தாள். மூன்று நாளும் நல்ல நினைவோடுதான் இருந்தாள். எனக்கு நேரம் இருந்தது.