எல்லாரும் சொல்லும் அட்ஜஸ்ட்

மயிலாப்பூரில் தி.நகர் போகும் ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்திருக்கிறேன். மூன்று பேர் சீட்டில் நாங்கள் நான்கு பேர்.

"ஆயா, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ!" என்கிறார் டிரைவர்.

காலையில் தையற்கடைக்காரர் என் ரவிக்கையை அட்ஜஸ்ட் செய்து தளர்த்திக் கொடுத்தார். இங்கே அதே சொல் என்னை நெருக்குகிறது. இந்த ஊரில் எதற்கெடுத்தாலும் இந்தச் சொல்தான்.

பக்கத்தில் காலிப் பூக்கூடையோடு ஒரு பெண், போனில் மகளிடம் பேசுகிறாள். "மாப்ள ரெண்டு அடி அடிச்சாருன்னு வந்துருவியா? நீதான் அட்ஜஸ்ட் பண்ணிக்கினு போணும்." மகள் அழுவது எனக்கே கேட்கிறது.

தமிழையே எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள் நான். ஆனால் தெரியாததைக் கேட்க வெட்கப்படமாட்டேன்.

"ஏம்மா, அட்ஜஸ்டுன்னா என்ன?"

அவள் போனைக் காதிலிருந்து எடுக்கிறாள். "அதாம்மா, கொஞ்சம் நவுந்து எடம் வுடறது."

"அடிக்கிறவரும் நகருவாரா?"

அவள் கையிலிருக்கும் போனைப் பார்க்கிறாள். அதற்குள் டிரைவர், பெட்டியும் கையுமாக ஒரு பெரியவரைக் கூட்டி வருகிறார். "யக்கா, அட்ஜஸ்ட் பண்ணு."

"இன்னும் எங்க நவுர்றது நைனா? உன் தலமேலயா?" என்று கத்துகிறாள். பெரியவர் அடுத்த ஆட்டோவுக்குப் போகிறார்.

வண்டி கிளம்புகிறது. கொஞ்ச தூரம் போனதும் போனை மறுபடி காதில் வைக்கிறாள்.

"பாப்பா, துணிய எடுத்துக்கினு வந்துரு. நம்ம வூட்டுல எடம் கீது. நாங்க அட்ஜஸ்ட் பண்ணிக்கிறோம்."