காசிம் பாய் கடையில் எனக்கென்று ஒரு கொய்யா

பட்டாசுக் கம்பெனிக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது. அதனால் காசிம் பாய் இறந்த செய்தி, வேலை முடிந்து வேன் ஏறும்போதுதான் எனக்குக் கிடைத்தது. டிரைவர் மாடசாமி கதவைத் திறந்துவிட்டு, "யக்கா, பழக்கடை பாய் காலையில தவறிட்டாகளாம். மத்தியானமே அடக்கம் பண்ணிட்டாக" என்றார். கம்பெனி இருக்கும் ஏழாயிரம்பண்ணையிலிருந்து சிவகாசி வந்துசேரும்வரை வேனில் அவர் பேச்சுதான். அதில் வருகிற பெண்களில் பாதிப் பேர் அவரிடம் காயும் பழமும் வாங்கியவர்கள். அவர்களுக்காகவும்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஆமத்தூர்க்காரி. வேன் எங்களைச் சிவகாசியில் இறக்கிவிடும். அங்கிருந்து பஸ் பிடித்து வீடு போக வேண்டும். பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே அவருடைய கடை. முதல்முறை போனபோது மூன்று கொய்யா பொறுக்கி நீட்டினேன்.

"வீட்டுல எத்தன பேரு தாயி?" என்றார்.

"நாலு பேரு. நானு, அவுக, ரெண்டு பிள்ளைக."

"அப்ப ஒண்ணு கொறையுதே."

"எனக்குப் பழம் சேராதுங்க பாய்."

"சேராதா, தின்னு பாக்கலையா?"

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. கூட ஒரு பழம் விற்பதற்கு இப்படியும் ஒரு வழியா என்று நினைத்தேன். அதற்குப் பிறகு ஒரு மாதம் அந்தக் கடைப் பக்கமே போகவில்லை. ஆனால் அவர் கேட்டது மனதை விட்டுப் போகவும் இல்லை. கல்யாணத்துக்குப் பிறகு ஒரு முழுப் பழம் எப்போது சாப்பிட்டேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை.

அந்தச் சீசனில்தான் பாக்கிங் ஷெட்டில் மயங்கி விழுந்தேன். பட்டாசுக் கம்பெனியில் ஒருவர் விழுந்தால் என்ன ஏதென்று தெரியும் முன்பே எல்லோரும் வெளியே ஓடிவிடுவார்கள். அன்றும் ஓடினார்கள். பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்யும் மாரியம்மா மட்டும் திரும்பி வந்து என்னைத் தூக்கியிருக்கிறாள். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, ரத்தம் ரொம்பக் குறைவு என்றார். என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டார். காலையில் பழைய சோற்று நீச்சத்தண்ணி, மத்தியானம் சோறும் ஊறுகாயும் என்றேன்.

"கீரை, காய், பழம்?"

"பிள்ளைகளுக்கு வாங்குவேன்."

"நான் உன்னைக் கேட்டேன்" என்றார். மாத்திரை எழுதிக் கொடுத்து, தினமும் என்னென்ன சாப்பிட வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார்.

மறுநாள் பாய் கடைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். 'நான்தான் அன்னைக்கே சொன்னேனே' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லிவிட்டு, தன் மனைவி ஜைனம்பு அக்காவைப் பற்றிப் பேசினார்.

"கலியாணம் ஆகி இருவது வருசம் தாயி. நல்லதெல்லாம் ஏவாரத்துக்கு, அடிபட்டது வீட்டுக்குன்னு எங்க வாப்பா காலத்துப் பழக்கம். நானும் அப்படியே கொண்டுபோனேன். ஒருக்க அவளுக்குக் காச்சல் வந்து ஆஸ்பத்திரியில கெடந்தா. பாக்க வந்த ஒருத்தர் ஆப்பிள் வாங்கிட்டு வந்தாரு. நல்ல பழம். அவ கையில வாங்கிச் சுத்திச் சுத்திப் பாக்குதா. என்ன பாக்கேன்னு கேட்டேன். எங்கன வெட்டி எறியணும்னு பாக்கேங்கா."

பாய் எழுந்தார். வாழைத்தார் ஒன்றைத் தேவையில்லாமல் இறக்கி, மறுபடியும் மாட்டினார். பிறகு, "அன்னையிலருந்து பெட்டி ஒடைச்சா மொதப் பழம் அவளுக்கு" என்றார்.

அவர் சொல்லித்தான் பாக்கிங்கில் இருக்கும் நாங்கள் எட்டுப் பேர் சேர்ந்து, மத்தியானச் சோற்றோடு சாப்பிட அவரிடம் வெள்ளரிக்காய், கேரட், கொய்யா என்று ஒரு பை வாங்கிப் போக ஆரம்பித்தோம். வெட்டிப் பங்கு வைப்போம். கொஞ்ச நாளில் ஒன்று கண்ணில் பட்டது. மாரியம்மா தன் பங்கைத் தூக்குச்சட்டிக்குள் ஒளித்து வைத்து மகளுக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தாள். மற்றவர்கள் அவளைக் கேலி செய்தார்கள். நான் பாயிடம் போய், "அவளை நீங்களே கொஞ்சம் சத்தம் போடுங்க" என்றேன். அவர் முகம் மாறிவிட்டது.

"பெத்தவளுக்கு எறங்குமா தாயி? மகளுக்குத் தனியா ஒண்ணு குடுத்துவிடுதேன். மொதல்ல அத மாரியம்மா கையில குடுங்க. அப்புறம் அவுக திம்பாக."

அப்படியே செய்தோம். மாரியம்மா சாப்பிட்டாள். முதல் நாள் அழுதுகொண்டே சாப்பிட்டாள்.

ஊருக்கெல்லாம் சொன்ன மனிதர் தானும் அப்படிச் சாப்பிட்டார் என்று நினைத்துவிட வேண்டாம். பாய்க்குப் புரோட்டாவும் சால்னாவும்தான் உயிர். குழம்பில் கிடக்கிற கத்தரிக்காயை இலையோரம் ஒதுக்கி வைப்பார். கேட்டால், "விக்கிறவன் திங்கணும்னு சட்டமா இருக்கு?" என்று சிரிப்பார். சர்க்கரை வந்த பிறகு அவருக்கு மாம்பழமும் நின்றுபோயிற்று. கடைசி இரண்டு வருடம் அவர் காய் சாப்பிட்டதெல்லாம் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து மிரட்டியதால்தான்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் நானும் மாரியம்மாவும் வீட்டுக்குப் போனோம். கணவர் இறந்தபின் வெளியே வராமல் இருக்கும் இத்தாவில் அக்கா உள்ளறையில் இருந்தார். என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். பிறகு, "பாவக்காய் வச்சா மொகத்தச் சுளிப்பாக. கடைசி நா ராத்திரி ஒண்ணும் சொல்லாம சாப்பிட்டாக. எனக்கு அப்பவே சந்தேகம் வந்திருக்கணும்" என்று சொல்லி, சிரிக்கவும் அழவும் செய்தார். எங்களுக்கும் அப்படித்தான் ஆயிற்று.

அவரிடமிருந்து நான் கற்றுக்கொண்டது கூச்சமில்லாமல் இருப்பது. எனக்காக ஒன்று வாங்குவதற்குக் கூச்சம், அதை நாலு பேர் பார்க்கத் தின்பதற்குக் கூச்சம் என்று இருந்தவள் நான். நேற்று அவர் மகன் கடையைத் திறந்திருந்தான். ஒரே ஒரு கொய்யா வாங்கினேன். முந்தானையில் துடைத்து, ரோட்டோரத்தில் நின்றே கடித்தேன். ஆமத்தூர் பஸ் வந்தது. கண்டக்டர் விசில் ஊதினார். பாதிப் பழம் மிச்சமிருந்தது. அந்த பஸ்ஸைப் போகவிட்டேன்.