வாசலில் இரண்டு 'வாங்க'

இரண்டு பேர் ஒரு வாசலில் எதிரெதிரே நின்று, ஒருவரையொருவர் "வாங்க" என்று அழைத்துக்கொண்ட காட்சிதான் முதலில் நினைவுக்கு வருகிறது. நிலைக்கு உள்ளே நின்றவர் அந்த வீட்டின் சொந்தக்காரர். வெளியே நின்றவர் அதில் பிறந்தவர், என் தாய்மாமா. யார் அழைப்பது, யார் நுழைவது என்று முடிவாகாமல் இருவரும் கூப்பிய கையோடு நின்றார்கள். மாமாவுக்குப் பின்னால் வாழைத்தாரைத் தோளில் சுமந்து நின்ற எனக்கு, யாராவது ஒருவர் உள்ளே போனால் தேவலை என்றிருந்தது. பெரிய துக்கங்களின்போது என் மனம் இந்த உயரத்துக்கு மேல் எழும்புவதில்லை. கடைசியில் மாமாதான் உள்ளே போனார்.

ஜெயங்கொண்டத்துக்கு மேற்கே, முந்திரிக்காட்டை ஒட்டிய பழைய பங்களா அது. மாமாவின் தாத்தா கட்டியது. பாகத் தகராறு, கோர்ட்டு என்று அலைந்து கையை விட்டுப் போனது. நெடுங்காலம் பூட்டிக் கிடந்ததில் சுவரில் அரசங்கன்று முளைத்தது, மாடியில் வௌவால்கள் குடித்தனம் நடத்தின. முந்திரி வியாபாரி ஒருவர் அதை வாங்கியபோது, இடித்துவிட்டுக் கிடங்கு கட்டுவார் என்றுதான் ஊர் பேசியது. அவரோ கன்றை வேரோடு களைந்து, சுண்ணாம்பு அரைத்துப் பூசி, தூண்களுக்கு எண்ணெய் ஏற்றி, தோட்டத்தில் பந்திக்குக் கொட்டகை போட்டுக் கல்யாணங்களுக்கு விட ஆரம்பித்தார். நியாயமாகச் சொன்னால், எங்கள் ஆட்கள் அந்த வீட்டுக்காகச் சண்டை போட்டார்களே தவிர ஓர் ஓடு மாற்றியதில்லை.

எண்பதுகளின் கடைசியில் மாமா மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. எனக்கு அவள் முறைப்பெண். ஆனால் என் பெயரை யாரும் எடுக்கவில்லை. அதில் சம்பந்தப்பட்ட எல்லோருக்கும் நிம்மதி என்றே இன்றும் நம்புகிறேன். கல்யாணத்தைப் பங்களாவில் வைக்கலாம் என்று மாமா சொன்னதும் அத்தைக்குப் பொறுக்கவில்லை.

"பொறந்த வூட்டுக்கே வாடகைக்குப் போறதா? ஊரு சிரிக்குங்க."

"சிரிக்கட்டும். ஒரு நாளு அந்த வாசல்ல நின்னு நாலு பேரை வாங்கன்னு கூப்பிட்டுடறேன். அதுக்கப்புறம் எனக்கு ஒண்ணும் வேணாம்டி."

மாமா கேட்டது அவ்வளவுதான். எங்கள் பக்கத்தில் 'வாங்க' என்பது லேசான சொல்லல்ல. சொல்லாமல் விட்டதால் மூன்று தலைமுறை பேசாமலிருக்கும் குடும்பங்கள் உண்டு. அதைச் சொல்லும் உரிமை வீட்டுக்காரருடையது. அன்று காலை மாமா அந்த உரிமையோடுதான் வந்து இறங்கினார்.

ஆனால் வியாபாரிக்கும் ஒரு வழக்கம் இருந்தது. யார் வீட்டுக் கல்யாணமானாலும் அவரே வாசலில் நின்று வரவேற்பார். தான் உயிர் கொடுத்த வீடு என்ற பெருமை. மாமாவுக்கு அடங்கிய குரல், அவருக்கோ சந்தைக் குரல். மாமா வாயைத் திறப்பதற்குள் அவருடைய "வாங்க வாங்க" தெருவுக்கே போய் விருந்தாளியைக் கையைப் பிடித்து அழைத்து வந்துவிடும். தா.பழூரிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் வியாபாரிக்கு வணக்கம் வைத்துவிட்டு, பக்கத்தில் நின்ற மாமாவிடம், "அட, நீயும் வந்துட்டியா? எப்ப வந்தே?" என்றார். மாமா சிரித்தபடி, "காலையிலயே வந்துட்டேங்க" என்றார்.

எனக்குத் தாங்கவில்லை. வியாபாரியை எப்படியாவது நகர்த்திவிடலாம் என்று சாப்பிடக் கூப்பிட்டேன்.

"வந்தவங்க சாப்பிடாம நான் எப்படி தம்பி உக்காருறது?" என்றார் அவர்.

அவரிடம் கொஞ்சம் கெட்டகுணம் இருந்திருந்தால் மாமாவுக்கு ஒரு வழி பிறந்திருக்கும். மாமா மெல்ல ஒதுங்கி, பந்தலின் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். முகூர்த்தத்துக்கு ஆள் விட்டு அழைக்க வேண்டியிருந்தது.

சாயங்காலம் பெண்ணை அனுப்பி வைத்துவிட்டு நாங்களும் கிளம்பினோம். வியாபாரி வாசல்வரை வந்து, "போயிட்டு வாங்க" என்று மனசாரச் சொன்னார். மாமா கும்பிட்டார். வாய் திறக்கவில்லை. திரும்பிப் பார்க்காமல் வேனில் ஏறிவிட்டார்.

"சாப்பாட்டுல ஏதாச்சும் குறையா தம்பி?" என்று வியாபாரி என்னிடம் கவலையோடு கேட்டார்.

குறை ஒன்றும் இல்லை என்றேன். எங்கள் ஊரில் 'போயிட்டு வரேன்' என்று சொல்லாமல் கிளம்புவது சாவு வீட்டிலிருந்து மட்டுந்தான். அது அவருக்கும் தெரியும். அன்று அவருக்குத் தோன்றவில்லை.

அதன் பிறகு மாமா அங்கே போகவில்லை. ஜெயங்கொண்டம் பஸ் அந்தப் பக்கம் திரும்பியதும் சட்டைப் பையில் டிக்கெட்டைத் தேட ஆரம்பிப்பார். மதில் கடந்ததும் டிக்கெட் கிடைத்துவிடும். போன வருஷம் இறந்துபோனார்.

போன மாதம் ஆபீஸ் நண்பர் மகன் கல்யாணம் அங்கே நடந்தது. வியாபாரிக்கு இப்போது முழங்கால் வலியாம். தனக்குப் பதிலாக வாசலில் ஒரு மின்சாரப் பொம்மையை நிறுத்தியிருக்கிறார். கை கூப்பியபடி விடாமல் தலையைத் தாழ்த்தித் தாழ்த்தி நிமிர்த்துகிறது. சத்தம் இல்லை. பின்னால் வந்தவர்கள் என்னைத் தாண்டிப் போகட்டும் என்று காத்திருந்தேன். பிறகு நிலைக்கு வெளியே நின்று, கையைக் கூப்பி, மாமாவின் குரலில், "வாங்க" என்றேன்.

பொம்மை இன்னொரு தடவை தலையைத் தாழ்த்தியது. கடைசியில் நான்தான் உள்ளே போனேன்.