டிரெவரின் கடைசிக் கத்தல்

கென் பார்டோ பேர் பெற்ற மனிதர் இல்லை. பர்மிங்காமில் ஒரு ரொட்டிக்கடைக்குப் பின்னால் இருந்த ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒலிப்பதிவாளராகப் பாதி ஆயுளைக் கழித்தார். மீதி நேரத்தில் புறா வளர்த்தார். எங்கள் ராக் குழுவைக் கண்டாலே அவருக்கு ஆகாது.

"இரும்புப் பட்டறைச் சத்தத்துக்கு எதுக்குடா மைக்கு?" என்பார்.

டிரம்ஸ் வாசித்த நான் நிஜமாகவே பட்டறையில்தான் வேலை பார்த்தேன். கோபப்படக்கூட வழியில்லை.

முதல் ஆல்பத்துக்கு ரெக்கார்டு கம்பெனி கொடுத்தது இரண்டே நாள். இரண்டாம் நாள் காலையில் ஒரு பாட்டைத் திரும்பத் திரும்ப வாசித்தோம். ஒரு தடவை முடிவில் எங்கள் பாடகன் டிரெவர் ஒரு கத்தல் கத்தினான் பாருங்கள், எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பாவி நான், அந்தத் தடவை பார்த்து நடுவில் தாளத்தைக் கோட்டைவிட்டிருந்தேன்.

"விடுடா. இந்த வாலை வெட்டி, தாளம் சரியா விழுந்த தடவையோட உடம்புல ஒட்டிடலாம்" என்றார் கென். ஒலிநாடாவைப் பிளேடால் வெட்டி, கத்தல் இருந்த ஒரு ஆள் உயரத் துண்டை வழக்கம்போல் மாலையாகக் கழுத்தில் போட்டுக்கொண்டார். மீதி நாடாவில் அடுத்த பாட்டைப் பதிந்தோம். அது முடிந்தபோது டிரெவரின் தொண்டையில் வெறும் காற்றுதான் வந்தது. எல்லோரும் எதிரிலிருந்த பப்புக்குச் சாப்பிடப் போனோம்.

திரும்பி வந்தால் அந்த நாடாத் துண்டைக் காணோம்.

கென் மேசையைக் கவிழ்த்தார், குப்பைத் தொட்டியைக் கொட்டினார். நாங்கள் தரையில் தவழ்ந்தோம். சாயங்காலம் கூடத்தைக் காலி செய்ய வேண்டும். அந்தக் கத்தல் இல்லாவிட்டால் அது பாட்டே இல்லை.

"கென்னு, இனிமே என்னால ஒரு எழுத்துகூடப் பாட முடியாது" என்று டிரெவர் கிசுகிசுத்தான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "யோவ், உன் புறா தூக்கிட்டுப் போயிடுச்சா? எங்க பொழப்புய்யா அது!"

கென் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து, முகத்தைத் துடைக்க மஃப்ளரை அவிழ்த்தார். குளிருக்காகப் பப்புக்குக் கிளம்பும்போது சுற்றியது. அதற்கு அடியில், கழுத்தோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது எங்கள் நாடாத் துண்டு.

டிரெவர் சத்தமே வராமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கென்னின் வழுக்கையில் ஒரு முத்தம் கொடுத்தேன். "எட்டப் போடா, கழுதை" என்று தள்ளிவிட்டு, அவர் துண்டைத் துடைத்து ஒட்டினார். மடங்கிய இடம் மட்டும் முழுதாக நிமிரவில்லை. அந்த இடத்தில் குரல் ஒரு கணம் உள்ளே போய் வெளியே வரும்.

பல வருடம் கழித்து, அதே பப்பில் ஒரு ரசிகர் உருகினார்: "அந்த முடிவுல டிரெவர் அழுதே போயிட்டாருங்க."

அவர் போனதும் கென் பீரைக் கீழே வைத்தார்.

"டிரெவர் எங்கடா அழுதான்? நான்தான் அழுதேன். மஃப்ளரை அவுத்தது வேர்வையைத் துடைக்கன்னா நெனச்ச?"