பல் விழுந்த பிறகுதான் கோடாலி

நான் மடத்துப் பள்ளியில் இரண்டு வகுப்பு படித்தவள். எழுத்து சுருக்கமாகத்தான் வரும். பூரணாங்குப்பம் மணலில் ஒரு சவுக்குத் தோப்புக்கு மேஸ்திரியாக வெகுகாலம் இருந்தேன். புதிதாகச் சவுக்கு வைக்கிற பிள்ளைகள் கேட்டார்கள். அதனால் எழுதுகிறேன்.

1. முளைக்குச்சி

மேஸ்திரியான முதல் நாளே வம்பு.

முதலாளி பாகூர்க்காரர். புதுச்சேரியில் ஒரு நூல் ஆலையின் பாய்லருக்கு விறகு கொடுப்பதாக ஒப்புக்கொண்டிருந்தார். அதற்காகத் தோப்பை ஏழு துண்டாகப் பிரித்தார். வருஷத்துக்கு ஒரு துண்டு வெட்டு. வெட்டிய இடத்தில் அடுத்த மழைக்கே கன்று. எட்டாம் வருஷம் சுற்றி வரும்போது முதல் துண்டு மறுபடி முற்றி நிற்கும். விறகு ஓயாது. நல்ல யோசனைதான். எது எப்போது நட்டது என்று தெரிய, துண்டுக்கு ஒரு முளைக்குச்சி அடித்து வருஷத்தைச் சூட்டுக்கோலால் எழுதி வைத்திருந்தார்.

அன்று போய்ப் பார்த்தால் ஒரு குச்சியும் இல்லை. தண்ணீர் ஊற்றும் பெண்கள் பிடுங்கிக் கஞ்சி காய்ச்சிவிட்டார்கள். நானும் போன வருஷம்வரை அவர்களோடு குடம் சுமந்தவள். அந்தக் கஞ்சியில் எனக்கும் பங்கு உண்டு.

முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். "எது எந்த வருஷம்னு இப்ப யாருக்குத் தெரியும் ஞானம்மா?"

பார்த்தால் தெரியாது. மேட்டில் வைத்த ஆறு வருஷத்து மரமும் பள்ளத்தில் வைத்த நாலு வருஷத்து மரமும் ஒரே உயரம் நிற்கும். உயரத்தை நம்பி வெட்டினால் வைரம் ஏறாத மரம் விழும்.

அப்போது மரியாயி என்ற பெண் குடத்தை இறக்கிவிட்டுச் சொன்னாள்: "இன்னா மொதலாளி, இதுக்கா கவல? இந்தத் துண்டு நட்டப்போ எம்மவ பிலோமி பொறந்தா. பதினாறாம் நாளே வந்து தண்ணி ஊத்துனேன். அதோ, அந்தத் துண்டு அஞ்சல மவனோடது."

நாற்பது பெண்கள் வேலை செய்யும் இடம். பிள்ளை பிறக்காத வருஷம் கிடையாது. ஒரு நாழிகைக்குள் ஏழு துண்டுக்கும் ஏழு பிள்ளைகள் அகப்பட்டார்கள். அன்றிலிருந்து துண்டுக்குப் பிள்ளையின் பெயர்தான். பிலோமி துண்டு, அந்தோணி துண்டு, கன்னியப்பன் துண்டு.

"வெட்டுற வயசு எப்பன்னு எப்படிச் சொல்லுவீங்க?" என்றார் முதலாளி.

"முன்னால பல்லு வுழும்ல? அப்போ வெட்டலாம்" என்றாள் மரியாயி.

எல்லாரும் சிரித்தார்கள். கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆறு முடிந்து ஏழு நடக்கும்போது பிள்ளைக்குப் பல் விழும், சவுக்கும் முற்றும். முதலாளி ஆலையிலும் இதையே சொல்லிவிட்டார்.

2. கரி வரவில்லை

உலகச் சண்டை வந்தது. ஆலைக்கு நிலக்கரி கொண்டுவரும் கப்பல் வரவில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் இங்கிலீஷ்காரன் சீமையிலிருந்து வரும் விறகையும் நிறுத்திவிட்டார்கள். ஆலைக்கு எங்கள் தோப்பு ஒன்றுதான் மிச்சம்.

ஆலையில் விறகுக்கென்று ஒரு கணக்கப்பிள்ளை இருந்தார். வேலாயுதம் என்று பெயர். கோட்டும் குடையுமாக மணலில் நடந்து வந்தார். அந்த வருஷத்து வெட்டு பாதி முடிந்திருந்தது.

"ஏம்மா மேஸ்திரி, இது தை பொறக்கற வரைக்கும்கூட வராது. கரிக் கப்பல் மாசி கடைசிலதான் வருமாம். நடுவுல ரெண்டு மாசம் இடிக்குது. பக்கத்துத் துண்டையும் சாய்ச்சிடு."

பக்கத்துத் துண்டு பிலோமியுடையது. அவளுக்கு ஐந்து முடிந்து சில மாதம்.

"முடியாது" என்றேன்.

"ஏன்?"

"அடுத்த வருஷம் எத வெட்டுவீங்க?"

"அடுத்த வருஷத்த அப்புறம் பாத்துக்கலாம்."

"ஒரு துண்டு முந்திட்டா எல்லாம் முந்தும். அப்புறம் வருஷா வருஷம் பிஞ்சுதான் வரும். ஒரு நாள் ஒண்ணும் இருக்காது. ஒங்க பாய்லர்ல மணல போட்டுத்தான் எரிக்கணும்."

எனக்கு அன்று அவ்வளவு பேச வந்ததே பெரிது. தோப்பு அழிந்தால் நாற்பது பெண்களுக்கும் வெட்டு ஆட்களுக்கும் வேலை இல்லை. இரண்டு மூன்று வருஷம் குடம் சுமந்து நிறுத்திய மரம் அது.

கணக்கப்பிள்ளை பாகூருக்குப் போனார். முதலாளிக்கு ஆலையைப் பகைத்துக்கொள்ளவும் மனமில்லை, என்னை மீறவும் மனமில்லை. "எங்க வழக்கம் ஒங்களுக்குத் தெரியுமே. பல்லு வுழுந்துதுன்னா வெட்டிக்குங்க" என்று தப்பித்துக்கொண்டார்.

3. கமர்கட்டு

நாலாம் நாள் காலை கணக்கப்பிள்ளை திரும்பி வந்தார். ஒரு கையில் குடை. மறு கையில் பிலோமி. பின்னால் முதலாளி வண்டி. வெட்டு ஆட்கள் கோடாலியோடு நின்றார்கள்.

"வாயக் காட்டும்மா" என்றார்.

பிலோமி பெருமையாகக் காட்டினாள். முன்பல் ஒன்று இல்லை.

"போச்சா? இப்ப இன்னா சொல்ற மேஸ்திரி?"

மூத்த வெட்டு ஆள் மரத்தைத் தட்டிப் பார்க்கவே ஆரம்பித்துவிட்டான். நான் மண்டிபோட்டு அவள் முகவாயைப் பிடித்தேன்.

"பல்லு எங்கடி போச்சி?"

"இந்த அய்யா கமர்கட்டு குடுத்தாரு. கடிச்சேன். அதுலயே ஒட்டிக்கினு வந்துடுச்சி."

"எத்தினி குடுத்தாரு?"

பிலோமி விரல் விட்டு எண்ணினாள். ஒரு கை போதவில்லை.

மரியாயி குடத்தைப் போட்டுவிட்டு மணலில் உட்கார்ந்து சிரித்தாள். அடுத்தவள் சிரித்தாள். பிறகு தோப்பே சிரித்தது. முதலாளி தோள்துண்டை வாயில் வைத்துக்கொண்டு வண்டிக்குப் பின்னால் போய்விட்டார்.

"கொழந்த ஆசப்பட்டுதுன்னு குடுத்தேன்மா" என்றார் கணக்கப்பிள்ளை. காது சிவந்துவிட்டது.

"எங்க வூட்டுக் கெழவருக்கும் ரெண்டு குடுங்க அய்யா, மிச்சம் இருக்கிற பல்லும் போவட்டும்" என்று ஒருத்தி கத்தினாள்.

நான் சிரிக்கவில்லை. பிலோமியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். பல் முழுதாக விழவில்லை. மேல்பாதி உடைந்து, அடிப்பாதி ஈறிலேயே நின்றது.

அப்போதுதான் தோன்றியது. வெட்டிய துண்டுகளில் அடிக்கட்டை அப்படியேதான் நிற்கிறது. இந்த வருஷத்தது, போன வருஷத்தது. தோண்டுவது பாடு என்று விட்டுவிட்டு நடுவில் கன்று வைப்போம்.

"கட்டய எடுத்துக் குடுக்கறேன். கப்பல் வர வரைக்கும் ஓட்டுங்க" என்றேன்.

"கட்டையா? மண்ணு ஒட்டியிருக்கும். அடுப்பு அடைச்சிக்கும்னு முசே ஒத்துக்க மாட்டாரு."

முசே என்றது ஆலையின் பிரெஞ்சு எஞ்சினியரை.

"கழுவிக் குடுக்கறேன்."

4. கழுவிய விறகு

மார்கழி. மழை ஈரத்தில் மணல் இளகி இருந்தது. ஆண்கள் தோண்டிப் பிளந்தார்கள். போன வருஷத்துத் துண்டில் மட்டும் ஆண்களை விடவில்லை. அங்கே கன்றுகள் நின்றன. தண்ணீர் ஊற்றும் பெண்களுக்கு ஒவ்வொரு கன்றும் தெரியும். அவர்களே கையால் மண்ணை விலக்கிக் கட்டையை எடுத்தார்கள். பிறகு தொரவில் கழுவினோம். தொரவு என்றால் மணலில் தோண்டிய தண்ணீர்க் குழி. கன்றுக்கு ஊற்றுவதும் அதிலிருந்துதான். பிள்ளையைக் குளிப்பாட்டுவதுபோல் தேய்த்துத் தேய்த்துக் கழுவி மணல்மேட்டில் காயப்போட்டோம். எட்டு நாளைக்கு ஒரே பாட்டும் கேலியும்தான். "சீக்கா போடட்டுமா யக்கா?" என்பாள் மரியாயி.

முதல் வண்டியோடு நானே ஆலைக்குப் போனேன். முசே ஒரு கட்டையை எடுத்து மற்றதோடு தட்டினார். கணீர் என்றது. விரலால் தடவினார். மண் இல்லை.

"இது விறகா, பாத்திரமா?" என்று தமிழிலேயே கேட்டார். பிறகு உள்ளே போடச் சொன்னார்.

கட்டை நின்று எரியும். கிளையையும் கழித்துச் சேர்த்து அனுப்பினோம். அந்த மாதங்களில் வடக்கே இருந்து காற்று அடித்தால் ஆலைச் சங்கு பூரணாங்குப்பம்வரை கேட்கும். காலையில் கேட்டதும் பெண்கள் குடத்தை இடுப்பில் வைத்தபடி நின்று, "எரியுது, எரியுது" என்று சிரிப்பார்கள். மாசி கடைசியில் கப்பல் வந்தது. அதுவரை ஒரு நாளும் சங்கு தவறவில்லை.

பிலோமி துண்டு நின்றது. அடுத்த வருஷம் அவளுக்கு மற்ற முன்பல்லும் தானே விழுந்தது. அன்று வெட்டினோம். நல்ல வைரம்.

5. புதுத் துண்டு

கட்டை எடுத்த இடத்தில் அடுத்த மழைக்குக் கன்று வைத்தோம். இளகிய மண்ணில் சீக்கிரம் பிடித்தது. அதற்குப் பிறகு கட்டை எடுக்காமல் நாங்கள் நட்டதில்லை.

நடவு அன்று கணக்கப்பிள்ளை வந்தார். இந்தத் தடவை குடை இல்லை.

"மேஸ்திரி, இந்தத் துண்டுக்குப் பேரு வெச்சிட்டியா?"

"இல்ல."

"எனக்குப் பொண்ணு பொறந்திருக்கு. கமலம்னு பேரு."

மரியாயி என்னைப் பார்த்தாள். "குடத்தக் குடுங்கடி அய்யா கையில" என்றாள். அவர் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு முதல் தண்ணீர் ஊற்றினார். பாதி அவர் வேட்டியில்தான் போனது.

ஆறாம் வருஷம் ஆலையிலிருந்து அவசரமாக ஆள் அனுப்பினார்கள். விறகு போதவில்லை, அடுத்த துண்டையும் வெட்ட வேண்டும் என்று கேட்டார்கள். அது கமலம் துண்டு. நான் பதில் சொல்ல வாய் திறக்குமுன் கணக்கப்பிள்ளையே பின்னால் ஓடி வந்துவிட்டார்.

"யாரும் கை வெக்கக் கூடாது. நான் காலைலதான் பாத்துட்டு வந்தேன். எம் பொண்ணுக்குப் பல்லு கல்லாட்டம் கீது."

சவுக்கு வைக்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். துண்டாகப் பிரித்து வையுங்கள். கட்டையைத் தோண்டுங்கள். துண்டுக்கு நம்பர் போடாதீர்கள், பிள்ளையின் பெயர் வையுங்கள். அவசரப்படுகிற ஆள் வீட்டுப் பிள்ளையாக இருந்தால் இன்னும் நல்லது.