மோட்டார் உட்காராத இடம்

பெரம்பலூர் துறையூர் ரோட்டில் மலர்கொடி வைத்திருந்த எஸ்.டி.டி. பூத், முதலில் ஒரு கார் ஷெட். அண்ணன் பழனிவேல் வீடு கட்டும்போதே வரப்போகிற காருக்காக அதைக் கட்டினார். கார் வரவேயில்லை. இளம்பிள்ளை வாதத்தில் ஒரு கால் சூம்பிப்போன தங்கைக்கு ஊனமுற்றோர் ஒதுக்கீட்டில் பூத் கிடைத்ததும், காருக்கு வைத்த இடம் அவளுக்கு வந்து சேர்ந்தது.

ஷெட்டுக்கு முன்னால் அகலமான இரும்பு ஷட்டர். குனிந்து பிடித்துத் தூக்க இரண்டு காலும் வேண்டும். அண்ணனோ விடிந்தும் விடியாமலும் அரியலூருக்கு வேலைக்குப் பஸ் ஏறிவிடுவார். அதனால் எதிர்வரிசையில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்த உத்திராபதியிடம் ஒரு சாவியைக் கொடுத்துவைத்திருந்தார்கள்.

மலர்கொடி வீட்டுக்குள்ளிருந்து பக்கக் கதவு வழியாக வந்து இருட்டில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். வெளியே தகரத்தில் இரண்டு தட்டு கேட்கும்.

"தூக்கட்டுங்களா?"

"ம், தூக்குங்க."

முதலில் செருப்புக் கால் தெரியும், அப்புறம் கிரீஸ் பட்ட லுங்கி, கடைசியில் முகம். ஒரு மனுஷனைத் தினமும் காலிலிருந்து தலைவரை கொஞ்சம் கொஞ்சமாகப் பார்ப்பதில் அப்படி என்ன சந்தோஷம் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. சந்தோஷம் இருந்தது, அவ்வளவுதான்.

அந்தத் தெருவில் தன்னைவிட மூத்த ஆம்பளைகள் எல்லாரும் அவளுக்கு அண்ணன்தான். பால்காரர் அண்ணன், கேபிள்காரர் அண்ணன். உத்திராபதியை மட்டும் அவள் அப்படிக் கூப்பிட்டதில்லை. "இங்க பாருங்க", "ஒரு நிமிஷங்க" என்று ஐந்து வருஷம் சமாளித்துவிட்டாள். தங்கைகளைக் கட்டிக்கொடுத்துவிட்டு நாற்பதை நெருங்கியும் தனியாக இருந்த அவரும், மற்ற பெண்களையெல்லாம் தங்கச்சி என்பவர், இவளிடம் மட்டும் "நீங்க, வாங்க" என்பதோடு நிறுத்திக்கொள்வார். இரண்டு பேரும் இதற்கு மேல் ஒரு அடி எடுத்துவைத்ததில்லை.

அண்ணி ஹேமலதாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "தெனம் ஒரு ஆம்பள வந்து கதவத் தட்டறது நல்லாவா இருக்கு? நாலு பேரு என்ன பேசுவாங்க?" என்று அண்ணனை நச்சரித்தாள். 2004 சித்திரையில் அவர் திருச்சிக்குப் போய், பட்டனை அமுக்கினால் ஷட்டர் தானாக ஏறுகிற மோட்டார் ஒன்றை வாங்கிவந்து இறக்கினார். மாட்டித்தரச் சொன்னதும் உத்திராபதியிடம்தான்.

உத்திராபதி ஸ்டூல் மேல் ஏறிப் பார்த்தார். "ஒக்காராதுங்க. இந்தப் பக்கம் மாடிப்படி சாஞ்சு எறங்குது. அந்தப் பக்கம் மீட்டர் போர்டு. நடுவுல ஒரு சாண் எடம் இல்ல, மோட்டார எங்க வைக்கறது?"

அடுத்த வாரமும் வந்து டேப் பிடித்தார். உதட்டைப் பிதுக்கினார். சித்திரை போய் வைகாசியும் போனது. மோட்டார் அட்டைப்பெட்டிக்குள்ளேயே தூங்கியது. ஊரில் புகைந்துபோன பம்புசெட்டுக்கெல்லாம் உயிர் கொடுக்கிற மனுஷனுக்கு ஒரு மோட்டாரை மாட்ட இடம் கிடைக்கவில்லையாம். மலர்கொடிக்குச் சிரிப்பு வரும். அந்த மாடிப்படியைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருக்கும்.

ஆனியில் ஒருநாள் காலை, ஷட்டரைத் தூக்கியவர் போகாமல் நின்றார்.

"ஒண்ணு கேக்கணும். இந்த மோட்டார் உங்களுக்கு வேணுங்களா? வேணாம்னா சொல்லுங்க. காலம் பூரா நானே வந்து தூக்கறேன்."

கேட்டேவிட்டார். அந்த நேரம் பார்த்துப் பக்கக் கதவில் அண்ணி காபி டம்ளரோடு வந்து நின்றாள். கண் இரண்டும் மலர்கொடி மேலேயே இருந்தன. அந்தப் பார்வைக்குப் பயந்து பாழாய்ப்போன வாய் முந்திக்கொண்டது.

"மாட்டிடுங்கண்ணே. நீங்க எத்தன நாளைக்குத்தான் சிரமப்படுவீங்க."

அண்ணே. சொன்ன பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது. உத்திராபதி அவளைப் பார்த்தார். "சரி" என்று தலையை ஆட்டிவிட்டு ரோட்டைக் கடந்து போய்விட்டார்.

மறுநாளே இடம் கிடைத்துவிட்டது. மீட்டர் போர்டுக்குக் கீழே சுவரில் இரும்புச் சட்டம் அடித்து, மோட்டாரை அதில் உட்காரவைத்து, அங்கிருந்து மேலே செயின் ஓட்டினார். நாற்காலியிலிருந்து கை எட்டும் தூரத்தில் பட்டன். கரண்ட் போனால் இழுத்துத் திறக்க ஒரு கைச்சங்கிலி. "இனிமே யாரையும் எதிர்பாக்க வேண்டியதில்ல" என்று சொல்லிச் சாவியை மேஜை மேல் வைத்தார். வேலையில் குறை வைக்கத் தெரியாத மனுஷன். ஒரே ஒரு குறை வைத்திருக்கக் கூடாதா என்று அவள் அழுதாள். அண்ணியைத் திட்டினாள், பிறகு தன் வாயைத் திட்டினாள். நடந்ததை மாற்றத்தான் அந்த வாய்க்குத் துப்பில்லை.

ஆவணியில் உத்திராபதிக்கும் மீன்சுருட்டி ஊர்ப் பெண்ணுக்கும் கல்யாணம் நடந்தது. காலையில் பட்டனை அமுக்கினால் ஷட்டர் முனகிக்கொண்டே ஏறும். முதலில் ரோடு தெரியும், அப்புறமும் ரோடுதான் தெரியும்.

ஐப்பசியில் அடைமழை பிடித்த ஒரு காலை, கரண்ட் இல்லை. மலர்கொடி இருட்டில் சங்கிலியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். இழுத்தால் திறக்கும். அவள் இழுக்கவில்லை. பூத் திறக்கிற நேரம் தாண்டியது. ரோட்டுத் தண்ணீரில் செருப்புச் சத்தம் நெருங்கி வந்தது. தகரத்தில் இரண்டு தட்டு.

"கரண்ட் இல்லன்னு ஒக்காந்திருக்கியா? பக்கத்துலயே சங்கிலி இருக்கு பாரு. இழும்மா தங்கச்சி."

இழுத்தாள். ஷட்டர் துளிகூடக் கனக்கவில்லை. ஈரச் செருப்புக் கால்கள் தெரிந்தன. லுங்கியின் கரை தெரிவதற்குள் அவை திரும்பி ரோட்டைக் கடந்துவிட்டன.