மாமாவின் வலது தொடை

தசையிழை ஒன்றைக் கரும்பலகையில் நீளவாக்கில் வரைந்து, இரு முனைகளிலும் இழுப்பதுபோல் அம்புக்குறி போட்டது இன்னும் நினைவிருக்கிறது. தொண்ணூறுகளின் நடுவில் சரவணம்பட்டிப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் விலங்கியல் ஆசிரியையாக இருந்தேன். பாரம் ஏறும்போது தசைச் செல் அந்த இழுப்பை உணர்கிறது, இழுப்பு செய்தியாக உள்ளே போகிறது, செல் புதிதாகப் புரதம் கட்டுகிறது, பிறகு ஓய்வில் இழை தடிக்கிறது என்று விளக்கினேன். "பாரமே வரலைன்னா, வேலையில்லாத ஆளுக்கு எதுக்குச் சோறுன்னு இருக்கறதையும் கரைச்சுப்போடும்" என்றதும் பிள்ளைகள் சிரித்தார்கள். நன்றாகப் பாடம் நடத்துகிறவள் என்ற கர்வம் எனக்கு உண்டு.

அன்று மாலை வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக, என் மாமனாரை அக்குளில் கைகொடுத்துத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தேன்.

மாமாவுக்குக் காரமடைப் பக்கம். அவருடைய அப்பா பண்ணையாளாக இருந்தவர். தோட்டத்து வாசலில் தள்ளி நின்று, ஊற்றுகிற தண்ணீரைக் கையேந்திக் குடித்த குடும்பம். மாமா பஞ்சாயத்தில் தண்ணீர் மோட்டார் போடும் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். நாங்கள் கிறிஸ்தவர்கள்; எங்கள் சபையில் இராப்போஜனத்தின்போது, அப்பமும் ரசமும் வாங்க எல்லோரும் பீடத்தின் முன் வரிசையாகப் போய் முழங்காலிடுவோம். முடியாதவர்களுக்கு ஆயர் இருக்கைக்கே கொண்டுவந்து தருவார். மற்றவர்களோடு தோள் உரச அந்த வரிசையில் போவதுதான் மாமாவுக்கு மரியாதை.

குளியலறை வாசலில் வழுக்கி விழுந்து அவருக்கு வலது தொடை எலும்பு முறிந்தது. எலும்பு கூடிய பிறகு, காலில் கொஞ்சம் கொஞ்சமாகப் பாரம் போட்டுப் பழக வேண்டும், வலித்தாலும் விடக்கூடாது என்றார் டாக்டர். "கிறிஸ்மஸுக்கு நானே நடந்து பீடத்துக்குப் போயிருவேனுங்க" என்றார் மாமா.

போக விடாதது நான்தான். எங்கள் பக்கம் நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் ரொட்டியோடும் சாத்துக்குடியோடும் கூடவே ஒரு தீர்ப்பையும் கொண்டுவருவார்கள். மாமனார் தானே எழுந்து தண்ணீர் மொண்டால் மருமகள் சரியில்லை. உட்கார்ந்த இடத்துக்கே எல்லாம் வந்தால் அவள் தங்கம். "படிச்ச புள்ளைங்க, ஆனாலும் மாமனாரத் தரையில கால் வெக்க உடறதில்லீங்க" என்று சின்ன மாமியார் சபை முழுக்கச் சொல்லிவந்தார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தப் பேச்சு எனக்கு வெல்லமாக இனித்தது.

ஒருநாள் பள்ளியிலிருந்து வந்தபோது, மாமா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். வலது கால் வெடவெடவென்று ஆடியது. முகமெல்லாம் வியர்வை, ஆனால் சிரித்துக்கொண்டிருந்தார். நான் கத்திவிட்டேன். "ஏனுங்க மாமா, உளுந்துபோட்டா ஊரு என்னையத்தானுங்க பேசும்!" அவர் உட்கார்ந்துவிட்டார். என் கணவரிடம் சொல்லிக் கட்டிலை ஜன்னலை விட்டுத் தள்ளிப் போட வைத்தேன்.

அந்த வாரமே, பரீட்சைத் தாள் திருத்தும்போது தசை வளர்வதைப் பற்றி ஒரு மாணவி எழுதிய விடையை வாய்விட்டுப் படித்தேன். மாமா கேட்டுக்கொண்டிருந்தார்.

"நெசமுங்களா அம்மணி? பாரம் போட்டாத்தான் சதை ஊறுமுங்களா?"

"ஆமாங்க மாமா."

"அப்பறம் என்னைய எதுக்குங்க தூக்கிட்டே இருக்கறீங்க?"

"உங்க வயசுக்கு அதெல்லாம் ஆகாதுங்க" என்றேன். பொய். வயதான தசையும் இழுப்பை உணரும், மெதுவாகவேனும் ஊறும் என்பது எனக்குத் தெரியும். அவர் என் படிப்பை நம்பினார். அதற்குப் பிறகு எழுந்து நிற்க முயலவே இல்லை. தொடை நாளுக்கு நாள் வற்றியது.

போன வருடம் எனக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. மறுநாளே எழுப்பி நிற்க வைத்தார்கள். பதறி ஓடிவந்த என் மருமகளை விலகி நிற்கச் சொன்னேன். வலியில் கண்ணீர் வந்தது. வலிக்காக மட்டும் அழுததாக அவள் நினைத்திருப்பாள்.

நடந்தே பீடத்துக்குப் போவேன் என்று மாமா சொன்ன அந்தக் கிறிஸ்மஸுக்கு, அவரைக் காரில் கூட்டிப்போய் நாற்காலியில் உட்கார வைத்தோம். வரிசை அவரைத் தாண்டிப் போனது. கடைசியில் ஆயர் அவரிடம் வந்து குனிந்தார். மாமா தலைகுனிந்து கையேந்தி வாங்கிக்கொண்டார். வீடு வந்து நான் அவருடைய செருப்பைக் கழற்றிவிட்டபோது, என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "அடுத்த வருசம் என்னையக் கூட்டிட்டுப் போக வேண்டாமுங்க, அம்மணி."

அடுத்த வருடமும் அவர் இருந்தார். கிறிஸ்மஸ் அன்று நாங்கள் கோயிலுக்குக் கிளம்பியபோது, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.